சாவி இறுகிப்போன ஜனதா: பழைய வாட்ச் கேள்வி – பதில்

அப்பா கட்டிய எச்.எம்.டி. ஜனதா, அலமாரியில் பல வருஷமாகக் கிடந்தது. சாவி இறுகி நிற்கிறது, ஓடவில்லை. 'சாவியை அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள்' என்கிறார் கடைக்காரர். நானே கழற்றிப் பார்க்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

சாவி அதிகமாகி வாட்ச் நின்றுவிடும் என்பது கடைக்குக் கடை சொல்லும் கதை. கைச்சாவி வாட்சில் விசை தரும் சுருளான மெயின் ஸ்பிரிங் முழுதும் சுற்றிக்கொண்டால் அதற்கு மேல் திரும்பாது, அவ்வளவுதான். முழுச் சாவியில் நிற்கிறது என்றால், விசை இருக்கிறது, சக்கரங்களுக்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். ஸ்பிரிங் அறுந்திருந்தால் சாவி இறுகவே இறுகாது, சுற்றச் சுற்றச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

குலுக்கி, தட்டி ஓட வைக்காதீர்கள். எண்ணெய் இல்லாமல் ஓடினால் அச்சு முனைகள்தான் தேயும். பின்மூடியைத் திறந்து எண்ணெய் ஒரு சொட்டு விடுவது அதைவிடக் கெடுதல். பழைய பசையோடு அது கலந்து, பாலன்ஸ் என்ற ஊசலாடும் சக்கரத்தின் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் ஏறி, சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்.

கழற்றப் பழகியவர் என்றால் முதல் வேலை, ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. சாவியை இரு விரலால் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் பின்வாங்காமல் தடுக்கும் கொக்கியான க்ளிக்கை ஊசி முனையால் விலக்கி, சாவி விரலுக்குள் மெல்லத் திரும்பும்படி விடவேண்டும். இதை மறந்து, சக்கரங்களை விட்டுவிட்டுத் தடுக்கும் பேலட் என்ற கவையை எடுத்தால் சக்கரங்கள் ஒரே மூச்சில் சுழன்று, பல்லோ அச்சோ போய்விடும். சாவியின் தண்டான ஸ்டெம்மை எடுக்க, பழைய கைச்சாவி வாட்சுகளில் பெரும்பாலும் அதன் அருகில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை அரைச் சுற்று, மிஞ்சினால் ஒரு சுற்று தளர்த்தினால் போதும். முழுக்கக் கழற்றினால் உள்ளே ஸ்டெம்மைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவர் நழுவி விழும். பிறகு அதைத் திரும்ப மாட்ட டயலையே எடுக்கவேண்டி வரும்.

கழுவ வைட் பெட்ரோல் போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசுபவர்கள் பேலட்டையும் பாலன்ஸையும் அதில் போடக்கூடாது. அவற்றின் கற்கள் அரக்கால் ஒட்டியவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

எண்ணெய் ஒரே வகையாக இருக்கக் கூடாது. மெயின் ஸ்பிரிங் இருக்கும் பேரலின் அச்சுக்கும் நடுச் சக்கரத்துக்கும் கனமான, மோபியஸ் கம்பெனியின் டி5 அல்லது எச்பி 1300, வேகமாகச் சுழலும் சக்கரங்களுக்கும் பாலன்ஸ் கற்களுக்கும் 9010, பேலட் கல்லின் முகத்துக்கு 9415, மெயின் ஸ்பிரிங்குக்கு 8200 கிரீஸ். பேலட்டின் அச்சுக்கு எண்ணெயே கிடையாது. பாலன்ஸின் மூடிக்கல்லில் வைக்கும் துளி கல்லின் விட்டத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் வட்டமாக நிற்கவேண்டும். ஓரத்தைத் தொட்டால் வழிந்து வெளியேறிவிடும், துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். அந்தக் கல்லைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றுங்கள். பறந்தால் கிடைக்காது.

ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு உள்ள வாட்ச். வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி வைத்து, பாலன்ஸ் ஆடும் கோணமான ஆம்ப்ளிட்யூட் 260 டிகிரிக்கு மேல் காட்டினால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. 220க்குக் கீழே என்றால் எங்கோ அழுக்கோ, தளர்ந்த ஸ்பிரிங்கோ மிச்சம். நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடினால் முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சின்னத் திசைகாட்டியை அருகில் கொண்டுபோனால் முள் பாலன்ஸுக்கு ஏற்ப ஆடும். காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசரில் ஒருமுறை காட்டினால் சரியாகிவிடும்.

எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் சிட்டிசன் கூட்டுறவில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. இன்று உதிரிபாகம் தேடி அலைவதைவிட, ஓடாத இன்னொரு ஜனதாவைச் சல்லிசாக வாங்கி வைத்துக்கொள்வது மேல். நடுச் சக்கரமோ, சாவியோ, பாலன்ஸோ எது போனாலும் அதிலிருந்து எடுக்கலாம்.

சீக்கோ (Seiko) 5 வாங்கினேன். பின்மூடியில் 6309 என்றும், வரிசை எண் 9-ஓ என்றும் தொடங்குகிறது. எந்த ஆண்டு?
– வாசகி, தஞ்சாவூர்

1979 அக்டோபர். முதல் எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்பது வரை இலக்கம், பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். அந்த இரண்டாம் இடத்தில் பூஜ்யம் வராது, அதனால் வட்டமாக இருந்தால் அது எழுத்துதான். பத்தாண்டு எது என்பதை உள்ளிருக்கும் இயந்திரமான மூவ்மெண்ட்தான் சொல்லும். 6309 வந்தது 1976 முதல் 1988 வரை, ஆகவே 9 என்றால் 1979 மட்டுமே. 7 என்று தொடங்கியிருந்தால் 1977ஆ 1987ஆ என்று மாடலை வைத்துத் தேடவேண்டியிருக்கும்.

பின்மூடியை மட்டும் நம்பாதீர்கள், அதைத்தான் முதலில் மாற்றுவார்கள். உள்ளே மூவ்மெண்டில் 6309 இருக்கிறதா, டயலின் அடி ஓரத்துச் சின்ன எழுத்திலும் அதே நான்கு இலக்கம் வருகிறதா என்று லூப் என்ற உருப்பெருக்கியில் பாருங்கள்.

பச்சையும் ஆரஞ்சுமாக டயல் போட்ட ஃபாவ்ரே-லூபா 'சீ கிங்' ஒன்று சலுகை விலையில் வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம். 1865 முதல் பம்பாயில் வியாபாரம் செய்த பெயர் என்பதால் இங்கே அந்த வாட்சுகள் ஏராளம். மூவ்மெண்ட் அசலாகவே இருக்கலாம், ஆனால் டயலைச் சுரண்டிப் புது வர்ணம் அடித்து விற்கிறார்கள். 10 மடங்கு லூப்பில் அசல் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், மறுவர்ணத்தில் கசியும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக விழாது. ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ் மேட்' இல்லாமலோ பாதி வெட்டுப்பட்டோ இருக்கும்.

கறை படிந்த அசல் டயல், பளபளக்கும் புது டயலைவிட எப்போதும் மதிப்பு அதிகம். அதைத் துணியால் துடைக்கவும் வேண்டாம். மேல் பூச்சான லாக்கர் உரிந்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும். ஊது பம்ப்பால் தூசியை ஊதுவதோடு நிறுத்துங்கள்.

முள்ளில் பூசிய பச்சை ஒளி இப்போது மினுக்கவில்லை. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

சுரண்டாதீர்கள். 1960களுக்கு முந்தியது என்றால் ரேடியமாக இருக்க வாய்ப்பு உண்டு. மினுமினுப்பு போனது ரேடியம் தீர்ந்ததால் அல்ல, கூட இருந்த துத்தநாக சல்பைடு சிதைந்ததால். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. டயல் முகத்தின் கீழ் ஓரத்தில் 'டி ஸ்விஸ் டி' என்று இருந்தால் டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் பெரும்பகுதி அடங்கியிருக்கும். பழைய வாட்ச் என்று விற்பவர் காட்டுவது இரவு முழுக்கப் பளிச்சென்று மினுக்கினால், பின்னால் பூசியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக் கீறல் போக என்ன செய்ய?
– வாசகி, மதுரை

அக்ரிலிக் என்றால் 1,500, பிறகு 2,000 எமரியைத் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேய்த்து, கடைசியில் பாலிவாட்ச் போன்ற பசையைப் பஞ்சில் தொட்டு மெருகேற்றுங்கள். மூவ்மெண்டை முன்பே வெளியே எடுத்துவிடவேண்டும். நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் ஓசை வருவது அக்ரிலிக். மினரல் கண்ணாடி என்றால் மாற்றுவதுதான் வழி.