சிற்பத்தின் முதுகையும் பாருங்கள்

வளரும் உள்ளூர்ச் சிற்பிகளின் படைப்புகளை அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இரும்போடும் களிமண்ணோடும் மல்லுக்கட்டும் மூத்த சிற்பி ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: துருப்பிடித்த சைக்கிள் சங்கிலிகளை வெல்டிங் செய்து நிறுத்தி, ‘தாய்’ என்று பெயர் வைத்திருக்கிறார் ஓர் இளைஞர். இதெல்லாம் சிற்பமா?

பதில்: உங்கள் கேள்வியை ஒரு நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. 1926-இல் பிரான்குசி என்ற சிற்பியின் ‘வான்வெளியில் பறவை’ பாரிஸிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலில் போனது. நாலரை அடி உயரம், பளபளவென்று தேய்த்த வெண்கலம். இறகு இல்லை, அலகு இல்லை, கால் இல்லை. கலைப்படைப்பு என்றால் அமெரிக்காவில் சுங்கவரி கிடையாது. ஆனால் சுங்க அதிகாரிகள் அதைச் சமையலறைப் பாத்திரங்கள், மருத்துவமனைச் சாதனங்கள் என்ற வகையில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். வழக்கு நடந்தது. ‘காட்டில் இதைக் கண்டால் பறவை என்று நினைத்துச் சுடுவீர்களா?’ என்றுகூடச் சாட்சியிடம் கேட்டார்கள். 1928-இல் தீர்ப்பு பிரான்குசிக்குச் சாதகமாக வந்தது. இயற்கையை அப்படியே நகலெடுக்காத புதிய கலைப் போக்கு ஒன்று உருவாகியிருக்கிறது, அதைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம்.

சைக்கிள் உதிரிகளும் புதிதல்ல. ஓர் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து 1942-இல் பிக்காசோ காளைத் தலை செய்துவிட்டார். பழைய இரும்பு என்பதால் ஒன்று சிற்பம் ஆகாமல் போவதில்லை. பழைய இரும்பு என்பதாலேயே சிற்பம் ஆகிவிடுவதும் இல்லை. பிக்காசோவின் காளையில் ஒரு பாகத்தைக் கழற்றினால் காளையே காணாமல் போகும். நீங்கள் பார்த்த ‘தாய்’ எப்படி? பத்துச் சங்கிலிகளை எடுத்துவிட்டாலும் அப்படியே இருக்குமென்றால், அந்தப் பத்தும் பாரம்தான். அந்தப் பெயரை மட்டும் நம்பி நிற்கிறதா என்றும் பாருங்கள். ‘தாய்’ என்று எழுதிவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்ற தந்திரம் எங்கள் தொழிலில் உண்டு.

கேள்வி: ஒரு சிற்பத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? எனக்கு ஒன்றும் புரிவதில்லை.

பதில்: புரிந்துகொள்ள அவசரப்படாதீர்கள். முதலில் சுற்றி வாருங்கள். ஓவியத்துக்கு ஒரு முகம். சிற்பத்துக்கு நீங்கள் நிற்கும் இடமெல்லாம் முகம். அதிலும் முதுகை அவசியம் பாருங்கள். வளரும் கலைஞர்கள் பலர் முன்பக்கத்தில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்தை அம்போவென்று விட்டுவிடுகிறார்கள். அடுத்து, அது எப்படி நிற்கிறது, எடை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். கடைசியில் பெயர்ச்சீட்டைப் படியுங்கள். பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேள்வி: தொட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: விரலில் உப்பும் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் இருக்கின்றன. தேய்த்து மெருகேற்றிய உலோகத்தில் விரல் ரேகை அரித்துப் பதிந்துவிடும். பளிங்கு அந்தப் பசையைக் குடித்துக் கறுக்கும். வாத்திகனில் புனித பேதுருவின் வெண்கலச் சிலையில், பக்தர்கள் தொட்டுத் தொட்டுக் கால்விரல்களே மழுங்கிவிட்டன. ஆனாலும் உங்கள் கையின் ஏக்கம் நியாயமானது. பார்வையற்றோர் தொட்டு உணர்வதற்கென்றே சில அருங்காட்சியகங்கள் தனி ஏற்பாடு செய்கின்றன. சிற்பிகள் தங்கள் பொருளில் ஒரு துண்டைத் தொடுவதற்கென்று பக்கத்தில் வைக்கலாம் என்பது என் யோசனை.

கேள்வி: கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்த உருவத்தையும் வைத்திருந்தார்கள். கை படாதது எப்படிச் சிற்பம்?

பதில்: பிரெஞ்சுச் சிற்பி ரோதினின் பளிங்குச் சிலைகளில் பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர்கள் அவருடைய பணியாளர்கள். அவர் களிமண்ணில் வடித்தார். அளவுக் கருவியை வைத்து அவர்கள் கல்லுக்கு மாற்றினார்கள். இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. வெளியே எடுத்த பிளாஸ்டிக்கை அப்படியே பீடத்தில் ஏற்றிவிடும் சோம்பலின் மேல்தான் கோபம்.

கேள்வி: ரப்பர், நுரை, துணி எல்லாம் பயன்படுத்துகிறார்கள். நிலைக்குமா?

பதில்: பல நிலைக்காது. ஈவா ஹெஸ்ஸே என்ற சிற்பி 1960களின் இறுதியில் ரப்பர் பாலில் அருமையான வேலைகள் செய்தார். 1970-இல், 34 வயதில் இறந்துபோனார். அந்த ரப்பரும் காலப்போக்கில் நிறம் மாறி, இறுகி, நொறுங்கத் தொடங்கியது; காட்சிக்கு வைக்கவே முடியாத நிலையில் சில இருக்கின்றன. நிலைக்காததை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பது கலைஞரின் உரிமை. தெரியாமல் தேர்ந்தெடுப்பது வேறு.

கேள்வி: என் மகளின் சுடுமண் சிற்பம் முதன்முதலாக அருங்காட்சியகக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது. அவளுக்கு என்ன சொல்வீர்கள்?

பதில்: வாழ்த்துகள். பெயர்ச்சீட்டில் தலைப்பு, ஆண்டு, பொருள், உயரம், அகலம், ஆழம் போதும், தத்துவம் வேண்டாம். பொருளை ‘கலப்பு ஊடகம்’ என்று மழுப்பாமல், சுடுமண், கம்பி, சணல் என்று உள்ளதை எழுதட்டும். எடையை முன்கூட்டியே காப்பாளரிடம் சொல்லிவிட்டால் அதற்கேற்ற பீடம் தயாராகும். சுடுமண்ணைத் தூக்கும்போது நீண்டிருக்கும் கையையோ கழுத்தையோ பிடிக்கக் கூடாது. அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்குகிற ஆளுக்கும் இதைச் சொல்லட்டும். பெட்டியில் அடைப்பதற்கு முன்பு நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல், விரிசல்களைக் குறித்துக் காப்பாளரிடம் கையெழுத்து வாங்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் கூடத்தின் கதவை அளந்து வரச் சொல்லுங்கள்.