பரணில் கிடக்கும் லேப்டாப்பும் அவர் விட்டுச்சென்ற பெட்டியும்

வீட்டு சர்வர் பற்றி, அதாவது நம் கோப்புகளையும் படங்களையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இரவு பகலாக ஓடும் கணினி பற்றி, சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கிறது. அதை சர்வர் ஆக்கலாமா? இரவு பகலாக ஓடினால் கரண்ட் பில் என்ன ஆகும்?
*(ஒரு வாசகர், திண்டுக்கல்)*

ஆக்கலாம். கணினி ஆசிரியையாக இருந்த காலத்தில் அந்த லேப்டாப்களை என் கையாலேயே பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருக்கும். அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை. இப்போது நீங்கள் அதில் டெபியனையே நேரடியாகப் போட்டுவிடுங்கள். திரைக்காட்சி எதுவும் வேண்டாம், வெறும் கட்டளை வரி போதும்.

முதலில் ராம் எவ்வளவு என்று பாருங்கள். 2 ஜிபி என்றால் கோப்புகளைச் சேமித்துப் பகிர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 4 ஜிபி இருந்தால் ஜெல்லிஃபின் போட்டுப் பாட்டும் படமும் டிவிக்கு அனுப்பலாம். போட்டோவுக்கான இம்மிச் முகங்களை அடையாளம் கண்டு பிரிக்கும் வேலையும் செய்வதால், அதற்கு 8 ஜிபி இருந்தால்தான் நிம்மதி.

கரண்ட் கணக்கு எளிது. சும்மா இருக்கும் பழைய லேப்டாப் 15 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.36 யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட். அதே வேலைக்கு 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப்பை ஓடவிட்டால் 86 யூனிட். நமக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரியது.

பேட்டரியில் மட்டும் கவனம் வேண்டும். எப்போதும் சார்ஜிலேயே இருக்கும் பழைய பேட்டரி உப்பும். அடிப்பக்கம் மேசையில் சமமாக உட்காரவில்லை என்றால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். நல்ல பேட்டரியாக இருந்து, மாடலும் இடம் கொடுத்தால், 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டின்போது அதுவே யு.பி.எஸ். ஆகிவிடும்.

கேள்வி: என் கோப்புகளை எங்கிருந்தும் எடுக்க, சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளைப் போட்டேன். வீட்டு வைஃபையில் அருமையாக வருகிறது. ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்தும் கல்லூரியிலிருந்து முயன்றால் வருவதே இல்லை. எங்கே தப்பு?
*(ஒரு மாணவர், நாகர்கோவில்)*

தம்பி, உங்கள் மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. ரவுட்டரின் பக்கத்தில் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட் என்ற முகவரிப் பங்கீட்டுக்குள் இருக்கிறீர்கள். பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011லேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுத் தருகின்றன. லைன் வீடுகள் பத்துக்கும் சேர்த்து வாசலில் ஒரே கதவு எண் போட்டிருப்பதைப் போலத்தான். எந்தப் போர்ஷனுக்கு என்று எழுதாத கடிதத்தோடு தபால்காரர் வாசலிலேயே நின்றுவிடுவார். உங்கள் போர்ஷன் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்?

இதற்கு வழி, உங்கள் பெட்டியே உள்ளிருந்து வெளியே கூப்பிட்டுப் பாதை போட்டுக்கொள்வது. வயர்கார்டு அதற்கான கருவி. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.6 முதல் அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பொது முகவரியுள்ள ஒரு சின்ன சர்வரை வெளியே வாடகைக்கு எடுக்க வேண்டும். அது வேண்டாம் என்றால் வயர்கார்டின் மேலேயே கட்டிய டெயில்ஸ்கேலை சர்வரிலும் போனிலும் போட்டுவிடுங்கள், பத்து நிமிட வேலை. நம் கருவிகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் அதன் ஒருங்கிணைப்பு சர்வர் மட்டும் டெயில்ஸ்கேல் நிறுவனத்துடையது. அதையும் நாமே நடத்த வேண்டும் என்று தோன்றும் நாளில் ஹெட்ஸ்கேல் என்ற திறமூல மாற்று இருக்கிறது. அவசரமில்லை.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. உலகத்துக்குத் திறந்த போர்ட் ஒன்றுகூட இருக்காது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச்சை வெளியே திறந்த வீட்டில், சில மணி நேரத்துக்குள் முகம் தெரியாத எத்தனை எந்திரங்கள் வந்து கதவைத் தட்டுகின்றன என்பதை சர்வரின் பதிவேடான லாக்கில் பார்த்தவள் நான். திறந்து வைத்த அந்த போர்ட்டை இன்றே மூடிவிடுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்துப் பத்திரங்கள், வரி ரசீதுகள், கோர்ட் காகிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். ஆவணங்களைச் சேர்த்து வைத்துத் தேடித் தரும் பேப்பர்லெஸ் மென்பொருளை நிறுவினேன். ஆங்கிலம் தேடினால் கிடைக்கிறது, தமிழ் கிடைக்கவில்லை.
*(ஒரு வாசகர், காரைக்குடி)*

எழுத்தைப் படிக்கும் வேலையை பேப்பர்லெஸ்ஸுக்குள் செய்வது டெசராக்ட். 1980களில் எச்.பி. நிறுவனத்தில் பிறந்து, 2005இல் திறமூலமாக வெளிவந்தது. அதற்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் நாம் சொல்லிவிட வேண்டும். கூடுதல் மொழிகளின் பட்டியலில் தமிழைச் சேருங்கள். பிறகு படிக்க வேண்டிய மொழியாகத் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே கொடுங்கள், நம் காகிதங்களில் இரண்டும் கலந்துதானே இருக்கின்றன. ஏற்கெனவே ஏற்றியவற்றை மறுபடி படிக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் சில பிடிஎஃப்கள் மட்டும் தேடலில் சிக்காது. அவற்றைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக விழும். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறிமுறைக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் அவை. உள்ளே ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று நம்பி பேப்பர்லெஸ் அவற்றைத் தாண்டிப்போய்விடுகிறது. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் முறையைக் கட்டாயம் என்று மாற்றிவிட்டு அந்தக் கோப்புகளை மட்டும் மறுபடி கொடுங்கள். பக்கத்தைப் படமாக்கிப் புதிதாகப் படிக்கும். உங்கள் மூலக் கோப்பு அப்படியே பத்திரமாக இருக்கும்.

கையெழுத்துப் பத்திரங்களை டெசராக்டிடம் எதிர்பார்க்காதீர்கள். அவற்றுக்கு நீங்களே உட்கார்ந்து ஊர், சர்வே எண், ஆண்டு, எழுதிக்கொடுத்தவர் பெயர் நான்கையும் குறிப்பாக எழுதுங்கள். தாத்தாவின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் போன ஆவணியில் காலமானார். டிவிக்குக் கீழே அவர் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பப் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது என்பார். என் போனில் அவர் போட்டுத் தந்த ஆப்பில் இன்றும் படங்கள் வருகின்றன. சிங்கப்பூரில் இருக்கும் மகன் "ஆஃப் பண்ணி வைம்மா, லீவில் வந்து பார்க்கிறேன்" என்கிறான். அணைக்கலாமா?
*(ஒரு வாசகி, கும்பகோணம்)*

அணைக்காதீர்கள் அம்மா. மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கணினி தெரிந்தவர்கள் பெட்டிக்குள் இருக்கும் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, பூட்டி வைப்பது உண்டு. அப்படிப் பூட்டியிருந்தால், பெட்டி அணைந்து மறுபடி எழும்போது ரகசியச் சொல்லைக் கேட்கும். இப்போது ஓடிக்கொண்டிருப்பதால் பூட்டு திறந்த நிலையில் இருக்கிறது. அந்தச் சொல் அவரோடு போயிருந்தால், ஒருமுறை அணைத்த பிறகு யாராலும் திறக்க முடியாது.

ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். ஆவணிக்குப் பிறகு ஒருமுறையாவது மின்சாரம் போய், டிவிக்குக் கீழே அந்த விளக்கும் அணைந்து, மின்சாரம் வந்ததும் நீங்கள் எதையும் தொடாமலே ஆப்பில் படங்கள் வந்தனவா? வந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அது தானாகவே எழுந்துகொள்கிறது, பெரிய ஆபத்தில்லை. சரியாக நினைவில்லை என்றால் சோதித்துப் பார்க்க வேண்டாம். பெட்டியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டலாமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்கத் தோன்றும். மாட்டுவதற்குப் பிளக்கைப் பிடுங்க வேண்டியிருக்குமே, அதனால் அதைக் கீழே சொல்வதெல்லாம் முடிந்த பிறகு பாருங்கள்.

இன்று மாலையே போனில் வேலையைத் தொடங்கலாம். அந்த ஆப்பை அழிக்காதீர்கள், லாக் அவுட் செய்யாதீர்கள். உங்களால் இழக்கவே முடியாத படங்கள் எவையோ, அவற்றை முதலில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனில் இறக்குங்கள். கல்யாண ஆல்பம், பேரன் பிறந்த நாள், அவர் கடைசியாகச் சிரித்த படம். உங்கள் போனில் இருப்பது பெட்டி போனாலும் போகாது. பிறகு மகன் மிச்சத்தை எடுக்கட்டும். இம்மிச் ஆனாலும் நெக்ஸ்ட்கிளவுட் ஆனாலும் படங்கள் வட்டில் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும், மென்பொருள் நின்றாலும் அவற்றை நகலெடுக்க முடியும்.

அவருடைய டைரிகளின் கடைசிப் பக்கம், ரவுட்டரின் அடிப்பக்கம், மருந்துச் சீட்டு வைத்த ஃபைல், அவர் கம்ப்யூட்டரில் பிரவுசர் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பாருங்கள். அவருடைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். பெட்டிக்கு இணையத்தில் ஒரு முகவரிப் பெயர் (டொமைன்) வாங்கி வைத்திருந்தால் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்லி அவர் மின்னஞ்சலுக்கு வரும். அது தவறினால் ஆப் நின்றுபோகும். பயப்படாதீர்கள், படங்கள் பெட்டிக்குள்தான் இருக்கும்.

நகல் எடுத்தால் இரண்டாக எடுக்கச் சொல்லுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். என் பெட்டியில் ஒன்றுக்கொன்று கண்ணாடி போல இரண்டு வட்டுகள் வைத்திருந்தேன், போதும் என்று நம்பினேன். 2019 ஐப்பசியில் ஓர் இடி, இரண்டும் ஒன்றாகப் போயின. அம்மா பாடிய தாலாட்டு, பதினொரு நிமிடம், அதில் மட்டும்தான் இருந்தது. இன்று ஒரு வட்டு லால்குடியில் தங்கையின் பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை எடுத்துவருவேன். வந்ததும் அதிலிருந்து ஏதாவது நான்கு கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த இரவே என் கணவருக்காக இரண்டு பக்கம் எழுதினேன். பெட்டி எங்கே, சொல் எது, யாரைக் கூப்பிட வேண்டும், எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது. ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். மறுநாள் அவரை உட்காரவைத்து, நான் வாய் திறக்காமல், அந்தத் தாளை மட்டும் பார்த்து ஒரு படத்தை எடுக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். அந்த வரியை மாற்றி எழுதியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. யாராவது உதவிக்கு வந்து வட்டைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால், "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று திரையில் வரலாம். லினக்ஸ் வட்டை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாததால் வரும் கேள்வி அது. வட்டு கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். வருபவர் யாராக இருந்தாலும், அவர் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.