லிஃப்டில் ஏறுங்கள், படியில் இறங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. தில்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறேன். ஜனவரி கடைசியில் உத்தராகண்ட் மலையில் உள்ள ஆலியில் நடக்கும் ஒரு வாரப் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு என் மகள் எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாள். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் பார்க்கில் நடக்கிறேன். அது போதாதா? உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் சொடக்குப் போடுகிற மாதிரி சத்தம் வருகிறது, ஆனால் வலி இல்லை. இந்த நவம்பர் புகையில் வெளியே நடக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: நடை நல்லதுதான் அம்மா, ஆனால் போதாது. பனிச்சறுக்கில் முதலில் கைவிடுவது மூச்சு இல்லை, தொடை. சரிவில் முழங்காலை மடக்கியபடியே நிற்க வேண்டும். உடம்பு கட்டுமீறி வேகமெடுக்காமல் முன்தொடைத் தசை பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீள்கிற வேலை இது. சமதரையில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் அந்தப் பழக்கம் வராது, படி இறங்கினால் வரும்.

அதனால் ஊரே சொல்வதைத் தலைகீழாகச் செய்யுங்கள். லிஃப்டில் மேலே போய், படியில் இறங்குங்கள். கைப்பிடி எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாதத்தைத் தொப்பென்று போடாமல், மேல்படியில் நிற்கும் காலே எடையைத் தாங்கும்படி மெதுவாக இறங்க வேண்டும். முதல் வாரம் மூன்று மாடி போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ பூஜை அறையில் உட்காரும்போது தொடை கதறும். பயப்பட வேண்டாம், நான்கைந்து நாளில் சரியாகிவிடும். அடுத்த முறை அதே படிகளுக்கு அவ்வளவு வலிக்காது, அதுதான் நமக்கு வேண்டியது. இந்த வலியை வீட்டிலேயே பட்டு முடிக்காதவர்கள், பயிற்சியின் இரண்டாம் நாள் காலை ஆலியில் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் அவதிப்படுவார்கள். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்யுங்கள்.

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அரை நிமிடம் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரிக்குள் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் நல்லது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். அப்புறம், கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழப் பழகுங்கள். முதல் இரண்டு நாள் சறுக்குவதைவிட விழுந்து எழுவதுதான் அதிகம் இருக்கும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட தலைமுறைக்கு இது மகளைவிட எளிதாக வரலாம்.

முழங்கால் சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வலியோ வீக்கமோ இல்லாத சத்தம் பெரும்பாலும் தொந்தரவு தராது. கால் பிசகினாலோ, படி இறங்கும்போது வலித்தாலோ, முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவது முழங்கால்தான். அதன் உள்ளே இருக்கும் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

புகை விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டிய நாளில் பார்க் வேண்டாம். அதிகாலையில் காற்று சுத்தமாக இருக்கும் என்று நம்பியும் போகாதீர்கள், குளிர்காலத்தில் புகை தாழ்வாகத் தங்கும் நேரமே அதுதான். நான் சொன்ன எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளும் மாடிப்படியிலும் செய்துவிடலாம். காற்று தெளிந்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால், உங்கள் பேட்டையிலேயே மலை மந்திர் இருக்கிறது. முருகனைக் கும்பிட்டுவிட்டு, படிகளை நிதானமாக இறங்குங்கள்.

உயரத்துக்கு மட்டும் தில்லியில் பயிற்சி கிடையாது. ஆலியின் சரிவுகள் சுமார் 2,500 முதல் 3,000 மீட்டர் வரை. வழியில் சுமார் 1,900 மீட்டரில் இருக்கும் ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போனால் தலைவலிக்கு வாய்ப்பு குறையும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

அங்கே மதியத்துக்கு மேல் மகள் ‘இன்னும் ஒரே ஒரு ரவுண்டு’ என்பாள். தொடை நடுங்க ஆரம்பித்திருந்தால் அவளைப் போகச் சொல்லிவிட்டு நீங்கள் டீக்கடைக்குப் போங்கள்.