பெட்ரோல் விலை உயர்ந்தால் அரசும் மக்களும் என்ன செய்ய வேண்டும்?

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஸ்கூட்டரில் பூ கொண்டுவரும் அக்கா, "நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர்கூட வருவதில்லை, தம்பி" என்று வருந்தினார்.

முதல் பொறுப்பு அரசுக்குத்தான். மத்திய கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையானது. கர்நாடகத்தின் விற்பனை வரியோ சதவீதக் கணக்கு. அடிப்படை விலை ஏறினால் வரியும் கூடவே ஏறும். போதாதென்று, 2024 ஜூனில் அந்த வரி விகிதமே 25.92 சதவீதத்திலிருந்து 29.84 ஆனபோது பெட்ரோல் 3 ரூபாய் கூடியது. இந்த வரியையும் லிட்டருக்கு இவ்வளவு என்று நிலைப்படுத்த வேண்டும். 2022 மே மாதத்தில் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்தது, மனமிருந்தால் முடியும்.

ஆனால் வரிக்குறைப்பால் அதிகம் மிச்சமாவது பெரிய கார் வைத்திருப்பவருக்கு. மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுத்தெரு வரை சிறிய பஸ்கள் ஓடினால்தான் அந்த அக்காவைப் போன்றவர்களுக்கு விடிவு.

நம் பங்கு? டயரில் காற்று குறைந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பதினைந்து நாளுக்கொரு முறை பாருங்கள். நீண்ட சிக்னலில் எஞ்சினை அணையுங்கள். ஒயிட்ஃபீல்டு வேலைக்கு நான் இப்போது மெட்ரோவில்தான் போகிறேன். பைக் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மட்டும்.