‘ரகசியம்’ முத்திரையுள்ள அறிக்கை என் கைக்கு வந்திருக்கிறது, வெளியிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் ஒரு சிறிய தமிழ்ச் செய்தித் தளம் நடத்துகிறேன். போன வாரம் மத்திய அரசு ஊழியர் ஒருவர் தானாகவே முன்வந்து ஓர் அறிக்கையின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். துணை ராணுவப் படை ஒன்றுக்கு வாங்கிய குண்டு துளைக்காத கவச உடைகள் சோதனையில் தேறவில்லை, அது தெரிந்தே வாங்கியிருக்கிறார்கள் என்கிறது அறிக்கை. எந்த முகாமுக்கு எத்தனை உடைகள் போயின என்ற பட்டியல் பின்னிணைப்பில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ‘ரகசியம்’ முத்திரை. உண்மைதானா என்று பார்க்க, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவருக்கு இரண்டு பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். ஒரு நண்பர் ‘14 வருஷம் உள்ளே போவாய்’ என்கிறார். இன்னொருவர் ‘பத்திரிகைச் சுதந்திரம் இருக்கிறது, தைரியமாகப் போடு’ என்கிறார். வெளியிடலாமா? யார் கொடுத்தது என்று போலீஸ் கேட்டால் சொல்லியாக வேண்டுமா? போனை எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் நண்பர்கள் இருவர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நண்பர் சொன்ன 14 வருஷம், 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில் பிரிவு 3-ல் வருகிறது. அது உளவு வேலைக்கான பிரிவு. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு செய்யும் நோக்கத்தோடு செய்ததாக இருக்க வேண்டும். அதிலும் பாதுகாப்பு நிலையங்கள், படைகள், ரகசியக் குறியீடுகள் போன்றவை தொடர்பான உளவுக்குத்தான் 14 வருஷம். எஃப்.ஐ.ஆரில் அதையும் சேர்த்து எழுத வாய்ப்பு உண்டு என்றாலும், உங்கள் விஷயத்தில் அது நிற்பது கடினம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது பிரிவு 5 பற்றித்தான். அங்கே அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தண்டனை குறைவு, ஆனால் வலை மிகப் பெரியது. ரகசியத்தைக் கொடுத்தவர் மட்டுமல்ல, அது சட்டத்தை மீறித் தரப்படுகிறது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ விரும்பி வாங்கிக்கொண்டவரும் குற்றவாளி. வைத்திருக்க உரிமையில்லாமல் வைத்திருப்பதும் குற்றம். அனுமதி இல்லாத இன்னொருவருக்குத் தெரிவிப்பதும் குற்றம். நீங்கள் ஓய்வுபெற்ற அதிகாரிக்கு அனுப்பிய அந்த இரண்டு பக்கங்கள் இதில்தான் வரும். அவர் முன்பு எந்தப் பதவியில் இருந்தார் என்பது இங்கே உதவாது. ஆகவே இதற்கு மேல் ஒருவருக்கும் ஒரு பக்கம்கூட அனுப்ப வேண்டாம். அனுப்பியதைப் பயத்தில் அழிக்கவும் வேண்டாம்; விசாரணை வந்தால், சாட்சியத்தை மறைத்தார் என்ற தனிக் குற்றச்சாட்டுக்கு நீங்களே வழி செய்ததாகிவிடும்.

சரி, எது ரகசியம்? இந்தச் சட்டம் முழுவதையும் படித்தாலும் அதற்கு விளக்கம் கிடைக்காது. முத்திரை குத்துவது அலுவலகத்தின் உள் நடைமுறை. ஓர் அதிகாரி முத்திரை குத்திவிட்டார் என்பதாலேயே காகிதம் குற்றப் பொருளாகிவிடாது. 1999-ல் ஒரு பொருளாதார நாளிதழின் செய்தியாளர், கசிந்த அமைச்சரவைக் குறிப்பை வைத்துச் செய்தி எழுதினார். அந்த வழக்கில், ‘ரகசியம்’ என்று பெயரிட்ட ஆவணத்தை வெளியிட்டதாலேயே செய்தியாளர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று டெல்லியில் நீதிமன்றம் சொல்லி அவரை விடுவித்தது. ஆனால் அது நடந்தது 2009-ல். பத்து வருஷம் அவர் வழக்கோடு வாழ வேண்டியிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முத்திரையே இல்லாத தாளும் சிக்கலாகலாம். குஜராத்திலிருந்து வந்த ஓர் உளவு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிரிவு 3-ல் ‘ரகசிய’ என்ற சொல் குறியீட்டுக்கும் கடவுச்சொல்லுக்கும் மட்டுமே பொருந்தும், வரைபடத்துக்கும் ஆவணத்துக்கும் அந்த அடைமொழி தேவையில்லை என்று கூறியது. பிரிவு 5-ன் வாசகமும் ஏறக்குறைய அதே அமைப்பில்தான் இருக்கிறது. எனவே முத்திரையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், முத்திரை இல்லை என்று நிம்மதி அடையவும் வேண்டாம். இது எதிரிக்கு உதவுமா, நாட்டின் இறையாண்மையையோ பாதுகாப்பையோ வெளிநாட்டு உறவையோ பாதிக்குமா என்று ஒவ்வொரு பக்கமாக எடுத்துக் கேளுங்கள்.

அப்படிக் கேட்டால் உங்கள் கையில் இருப்பது இரண்டு தனித்தனி விஷயங்கள் என்பது புரியும். கவச உடை சோதனையில் தோற்றது, தெரிந்தும் வாங்கினார்கள் என்பது ஒன்று. எந்த முகாமில் எத்தனை பேர் அந்த உடையோடு நிற்கிறார்கள் என்பது இன்னொன்று. முதல் விஷயம் மக்களுக்குத் தெரிய வேண்டியது. தோட்டாவைத் தடுக்காத உடையை மாட்டிக்கொண்டு எல்லையில் நிற்கும் சிப்பாயின் உயிரும் தேசப் பாதுகாப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை மறைப்பதால் காப்பாற்றப்படுவது கொள்முதல் செய்தவர்கள்தான். பின்னிணைப்பு அப்படியல்ல. அதை வெளியிட்டால், எந்த முகாமைத் தாக்கினால் எளிது என்று ஒருவருக்கு நீங்களே எடுத்துக்கொடுத்தது போலாகும். பெயர், எண்ணிக்கை, இடம், தேதி எதுவும் செய்தியில் வரக்கூடாது. ‘சுமார்’ போட்டுச் சொல்வதும் வேண்டாம். தோட்டா எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் துளைத்தது என்பது போன்ற தொழில்நுட்ப விவரம் முதல் பகுதிக்குள் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தோற்றது என்ற உண்மை போதும்.

அரசமைப்புச் சட்டம் உங்களுக்கு எவ்வளவு தூரம் துணை வரும்? பிரிவு 19(1)(அ) தரும் பேச்சுரிமையில் பத்திரிகைச் சுதந்திரமும் அடக்கம். அதைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களை 19(2) வரிசையாகச் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு அதில் உண்டு. அரசுக்கு ஏற்படும் சங்கடம் அதில் இல்லை. 2019 பிப்ரவரியில் ரஃபேல் பேரம் பற்றிய பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகளை ‘தி இந்து’ வெளியிட்டது. அவை திருடப்பட்ட ஆவணங்கள், அலுவல் ரகசியச் சட்டப்படி நீதிமன்றம் அவற்றைப் பார்க்கவே கூடாது என்று மார்ச் மாதம் அரசுத் தரப்பு வாதாடியது. ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். ரகசியம் என்று குறிக்கப்பட்ட ஆவணம் வெளியாவதைத் தடுக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டத்திலும் நாடாளுமன்றம் அரசுக்குக் கொடுக்கவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. நம் ஊர் ‘நக்கீரன்’ தொடர்பான ஆட்டோ சங்கர் வழக்கில், தங்களுக்கு அவதூறு என்று சொல்லி அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லியிருந்தது.

உங்கள் இரண்டாவது நண்பர் இந்தத் தீர்ப்புகளை நினைத்துத்தான் தைரியம் சொல்லியிருப்பார். ஆனால் இவை வெளியிடுவதற்கு முன் தடுப்பது பற்றியும், வெளியான ஆவணத்தைச் சாட்சியமாகப் பார்ப்பது பற்றியும் பேசுபவை. வெளியிட்ட பிறகு வழக்குப் போடுவது வேறு விஷயம். 1994 தீர்ப்பிலேயே, அலுவல் ரகசியச் சட்டம் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தாது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது என ஒரு வரி இருக்கிறது. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களை வெளியிடத் தடையில்லை என்று 1971-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பத்திரிகைகள் ஜெயித்தன. ஆவணத்தைக் கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அரசுத் தரப்பே முறைகேடுகள் செய்தது அம்பலமானதால்தான் 1973-ல் அவர் மீதான வழக்கு தள்ளுபடியானது.

ஆகவே, உங்களை விட அந்த ஊழியரை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. தகவல் கொடுத்தவரின் பெயரை மறைக்கும் உரிமையைச் செய்தியாளருக்குத் தரும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. பிரஸ் கவுன்சில் சட்டம் பிரிவு 15(2) அப்படி ஒரு பாதுகாப்பு தருகிறது, ஆனால் கவுன்சில் முன்னால் நடக்கும் விசாரணைக்கு மட்டும். சாட்சியச் சட்டத்தில் இதற்கென ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லிச் சட்ட ஆணையம் 1983-லேயே பரிந்துரைத்தது. 2023-ல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், அப்போதும் சேர்க்கவில்லை. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும், உரிய அதிகாரியிடம் புகார் கொடுப்பவருக்குத்தான் பாதுகாப்பு, பத்திரிகைக்குக் கொடுப்பவருக்கு அல்ல. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் செய்தி மூலத்தைப் பாதுகாப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை என்றது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்னாலே அரசுக்கு எல்லாம் அனுமதிக்கப்பட்டுவிடாது என்றும் சொன்னது. அதை உங்கள் வழக்கறிஞர் வாதத்தில் வைப்பார். நீதிமன்றம் ஏற்குமா என்பது அந்தந்த வழக்கைப் பொறுத்தது.

போலீஸ் கேட்டால், நீங்களே குற்றம் சாட்டப்பட்டவர் என்ற நிலையில் உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. அரசமைப்புப் பிரிவு 20(3) இருக்கிறது. சாட்சியாக அழைத்தால் நிலைமை வேறு. அழைப்பாணை எழுத்தில் வரட்டும், எந்தத் தகுதியில் அழைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளாமல் எதையும் சொல்லாதீர்கள். பொய் மட்டும் சொல்லவே வேண்டாம்.

ஆனால் உண்மையில் பலர் மாட்டிக்கொள்வது விசாரணை அறையில் அல்ல. 2017-ல் அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் ஓர் உளவு அறிக்கையை ஒரு செய்தித் தளத்துக்கு அனுப்பினார். உண்மைதானா என்று உறுதிசெய்ய அந்தத் தளம் ஆவணத்தின் நகலை அரசுத் தரப்பிடமே காட்டியது. நகலில் மடிப்புத் தடம் இருந்ததால் அது அச்செடுத்து வெளியே போனது என்று தெரிந்துவிட்டது. அச்செடுத்தவர்கள் மொத்தமே ஆறு பேர். அவருக்கு ஐந்து வருஷத்துக்கும் மேல் சிறைத்தண்டனை. எனவே உங்களிடம் உள்ள படங்களை வெளியிடாதீர்கள், அமைச்சகத்துக்குக் கருத்துக் கேட்டு எழுதும்போது இணைக்காதீர்கள், வாசகங்களை வார்த்தை மாறாமல் எடுத்தாளாதீர்கள். அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் சின்ன மாற்றத்தோடு பிரதி கொடுத்திருந்தால், ஒரு வாக்கியமே உங்களுக்கு அனுப்பிய ஊழியரைக் காட்டிக்கொடுத்துவிடும். அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டியது கேள்விகள் மட்டுமே: இந்தக் கொள்முதலில் சோதனை நடந்ததா, முடிவு என்ன, யார் ஒப்புதல் தந்தார்கள்? பதிலுக்குப் போதிய அவகாசம் கொடுங்கள்.

அதோடு, வெளியில் ஏற்கெனவே கிடைப்பதைத் தேடுங்கள். டெண்டர் அறிவிப்பு, நாடாளுமன்றக் கேள்வி பதில், சி.ஏ.ஜி. (அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை என்று எங்காவது இந்தக் கொள்முதலின் தடம் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்றவை பிரிவு 24-ன்படி விலக்குப் பெற்றவை என்றாலும், ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு இல்லை. ரகசியச் சட்டம் என்ன சொன்னாலும், பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(2) சொல்கிறது. ஆனால் அறிக்கையின் தலைப்பையோ எண்ணையோ மனுவில் எழுதிவிடாதீர்கள். பொது ஆவணத்திலிருந்து எவ்வளவு உறுதிசெய்ய முடிகிறதோ அவ்வளவுக்கு உங்கள் செய்தி பலம் பெறும். ரகசியச் சட்டத்தின் பிடியும் அந்த அளவுக்குத் தளரும்.

வழக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரகசியச் சட்டத்தின் பிரிவு 13-ன்படி அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியோ புகார் தந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியும். இது நல்ல பாதுகாப்புதான், ஆனால் அதற்கு முன்பே கைது நடந்துவிடலாம். டெல்லியில் செய்தியாளர் இஃப்திகார் கிலானியை 2002 ஜூனில் கைது செய்தார்கள். அவர் கணினியில் இருந்தது ஏற்கெனவே வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை. அது ரகசியம் என்று ராணுவ உளவுத்துறை முதலில் கருத்துச் சொன்னது, பிறகு மாற்றிக்கொண்டது. அதற்குள் ஏழு மாதங்கள் அவர் திகார் சிறையில் கழித்துவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆகவே வெளியிடுவதற்கு முன்பே ஒரு குற்றவியல் வழக்கறிஞரை நேரில் பார்த்து, முன்ஜாமீன் மனுவுக்கான விவரங்களைத் தயாராக வைத்திருங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், ஆஜராகச் சொல்லி முதலில் நோட்டீஸ் கொடுப்பதுதான் முறை. பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35(3)-ஐ வழக்கறிஞர் வலியுறுத்துவார்.

போனைப் பொறுத்தவரை, சோதனைக்கு வந்தால் தடுக்காதீர்கள். மாஜிஸ்திரேட்டின் ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். அவசரம் என்று சொல்லி எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரியே எழுத்துமூலம் உத்தரவிட ரகசியச் சட்டத்தின் பிரிவு 11 இடம் தருகிறது. அப்படியானால் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105 கட்டாயமாக்கியிருக்கிறது. பறிமுதல் பட்டியலின் நகலையும், கருவியின் ஹாஷ் மதிப்பையும் (உள்ளே இருக்கும் தரவு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னால் யாராவது போனுக்குள் எதையாவது சேர்த்தால் அதை நிரூபிக்க அதுதான் வழி. கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியுமா என்பதில் நீதிமன்றங்களின் கருத்து இன்னும் ஒன்றுபடவில்லை. அங்கேயே முடிவெடுக்காமல் வழக்கறிஞரிடம் விடுங்கள்.

எதை வெளியிட்டீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று ஆசிரியர் குறிப்பாக ஒரு பக்கம் எழுதித் தேதியிட்டு வையுங்கள். அதில் கொடுத்தவர் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பின்னிணைப்பைத் தெரிந்தே ஒதுக்கினீர்கள் என்பது உங்கள் நல்லெண்ணத்துக்கு நல்ல சாட்சி.

அப்புறம், அந்த ஊழியரிடம் ‘இன்னும் இருந்தால் அனுப்புங்கள்’ என்று கேட்டுவிடாதீர்கள். தானாக வந்ததை வாங்கியவர் என்ற நிலையிலிருந்து, குற்றத்தைத் தூண்டியவர் என்ற இடத்துக்கு அந்த ஒரு வரி உங்களைக் கொண்டுபோய்விடும். தூண்டியவருக்கும் அதே தண்டனை என்கிறது ரகசியச் சட்டத்தின் பிரிவு 9.