மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருபவரை என்ன செய்வது?

கேள்வி: 14 பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நான் குழுத் தலைவர். ஒரே வாரத்தில் மூன்று பேர் ஃப்ளூ காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். இன்னொருவர் லீவு தீர்ந்துவிட்டதால் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துபோகிறார். எத்தனை நாள் லீவு கொடுக்க வேண்டும்? டாக்டர் சர்டிஃபிகேட் கேட்கலாமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா?

பதில்: முதலில் அந்த நான்காவது ஆளைக் கவனியுங்கள். வீட்டில் படுத்திருக்கும் மூவரால் அலுவலகத்துக்கு இப்போது ஆபத்து இல்லை, வந்துபோகிறவரால்தான் ஆபத்து. பாராசிட்டமால் உடம்புச் சூட்டை இறக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. காலை 7 மணிக்கு மாத்திரை போட்டவருக்கு 9 மணிக்கு வாசலில் பார்த்தால் 98.6 டிகிரிதான் காட்டும். மதியத்துக்குள் குளிரெடுத்து மறுபடி 101-க்கு ஏறிவிடும், ஏனென்றால் அந்த மாத்திரையின் வேலை 4 முதல் 6 மணி நேரம் வரைதான். இடைப்பட்ட நேரத்தில் அவர் மீட்டிங்கில் பேசியிருப்பார், இருமியிருப்பார், நாலு பேர் தொடும் கதவைத் தொட்டிருப்பார். அதனால் வாசலில் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டர் பிடிப்பதை நம்பியிருக்காதீர்கள். "மாத்திரை போட்டீர்களா, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.

ஃப்ளூவுக்கு இத்தனை நாள் லீவு என்று ஒரே எண்ணை எழுதி வைப்பது சரிவராது. ஒருவருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விடும், இன்னொருவருக்கு ஐந்து நாள் ஆகும். காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் சூடு 100 டிகிரிக்குக் கீழே (37.8 செல்சியஸ்) இருக்க வேண்டும், மற்றத் தொந்தரவுகளும் குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வரலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. அதன் பிறகு 5 நாள் கவனமாக இருக்கவும் சொல்கிறது.

கணக்கு எப்படிப் போடுவது? ஒருவருக்குத் திங்கள் மாலை காய்ச்சல் தொடங்குகிறது. கடைசி மாத்திரை புதன் இரவு 10 மணிக்கு. அதன் வேலை தீர 6 மணி நேரம் விட்டு, வியாழன் காலை 4 மணியிலிருந்து எண்ணுங்கள். வியாழன் முழுக்கச் சூடு ஏறவில்லையென்றால் வெள்ளிக்கிழமை வரலாம். செவ்வாய், புதன், வியாழன் என்று லீவு மூன்று நாள். வெள்ளி முதல் செவ்வாய் வரை அவர் மாஸ்க் போட வேண்டும். பலர் கோட்டைவிடுவது சாப்பாட்டு நேரத்தில்தான். காலையிலிருந்து மாஸ்க் போட்டுவிட்டு, மதியம் அதைக் கழற்றி எல்லோரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் பயனில்லை. அந்த ஐந்து நாளும் அவர் தனியாகச் சாப்பிடட்டும். வறட்டு இருமல் இரண்டு வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். அதற்காக வீட்டிலேயே இருக்கச் சொல்ல வேண்டியதில்லை.

லீவு தீர்ந்தவருக்கு வருவோம். சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம் இருக்கும்வரை எந்த அறிவுரையும் காதில் ஏறாது. மேலிடத்தில் பேசி, இந்தப் பரவல் முடியும்வரை காய்ச்சல் நாள்களுக்குச் சம்பளத்தோடு தனி லீவு வாங்கித் தாருங்கள். முடியாதென்றால் வரும் ஆண்டின் லீவிலிருந்து முன்கூட்டியே கொடுக்கலாம், பிறகு ஷிஃப்டில் ஈடுகட்டவும் விடலாம். ஆனால் 102 டிகிரி காய்ச்சலில் கிடப்பவரிடம் வீட்டிலிருந்து லேப்டாப்பில் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். காய்ச்சல் விட்டபின் அவராக முன்வந்தால் சரி.

சில நாள் லீவுக்கு சர்டிஃபிகேட் கேட்காதீர்கள். பரவல் நேரத்தில் அந்தக் காகிதத்துக்காக நடுங்கிக்கொண்டு கிளினிக் வரிசையில் உட்காருபவர், அங்கிருக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் தொற்றைக் கொடுத்துவிட்டு வருவார். டாக்டரும் பெரும்பாலும் நோயாளி சொல்வதை வைத்துத்தான் எழுதப்போகிறார். லீவு ஒரு வாரத்தைத் தாண்டினால் கேளுங்கள், நியாயம்தான்.

பக்கத்து இருக்கைக்காரர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஃப்ளூ தொற்றியபின் 1 முதல் 4 நாளுக்குள் வெளியே தெரியும், பெரும்பாலும் இரண்டாம் நாளில். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது; முதல் மூன்று நாள் பரவல் மிக அதிகம். ஆக, திங்கள் மாலை காய்ச்சல் கண்டவர் அன்று காலை அலுவலகம் வந்திருந்தால், அருகில் இருந்தவர்கள் வெள்ளி வரை தங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். திடீரென உடம்புவலி, குளிர், தலைவலி வந்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் அறிகுறி தெரிந்த அன்றே டாக்டரிடம் பேசட்டும். ஃப்ளூ வைரஸை அடக்கும் ஓசெல்டமிவிர் மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதை டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். ஃப்ளூ வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் அதற்குப் பயன்படாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதோடு தனியாகவும் பாராசிட்டமால் போட்டால் அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கும். அட்டையைத் திருப்பிப் படித்து, எல்லாம் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் உச்ச வரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. ஈரல் நோயோ குடிப்பழக்கமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த அளவுக்குப் போகக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து முன்பைவிட அதிகமாகத் திரும்பினாலும் அப்படித்தான். நுரையீரலில் பாக்டீரியா புகுந்ததன் அடையாளமாக அது இருக்கலாம்.

அலுவலகத்தில் காற்றோட்டம்தான் முக்கியம். சுவரில் மாட்டும் சாதாரண ஏசி, அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிவிடும். எதிரெதிராக இரண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். வழவழப்பான பரப்பில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் தாங்கும். கதவுப்பிடி, தண்ணீர்க் குழாய், விரல்ரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவி ஆகியவற்றைத் தினமும் துடையுங்கள். 5 சதவீத பிளீச் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். தெளித்த கையோடு துடைத்துவிடுவது வழக்கமான தவறு. பத்து நிமிடம் ஈரமாக விடுங்கள். அமில கிளீனரோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். கருவிகளுக்கு 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணி போதும். தடுப்பூசி போட்டால் பலன் வர இரண்டு வாரம் ஆகும். இன்னும் போடாதவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

இன்றே குழுவுக்கு அனுப்ப, பெயர் எதுவும் இல்லாமல், இப்படி ஒரு செய்தி போதும்: "நம் பிரிவில் சிலருக்கு ஃப்ளூ. காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம், போனில் சொன்னால் போதும், சர்டிஃபிகேட் தேவையில்லை. மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லையென்றால் வாருங்கள். லீவு இல்லாதவர்கள் என்னிடம் தனியாகப் பேசுங்கள்."