‘சஸ்டைனபிலிட்டி’ எம்.எஸ்சி.: முப்பது லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஐந்து ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். ஐரோப்பிய பையர்கள் இப்போது விலையோடு கார்பன் கணக்கையும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் ‘உலகளாவிய விநியோகச் சங்கிலி (சப்ளை செயின்) மேலாண்மையும் நிலைத்தன்மையும் (சஸ்டைனபிலிட்டி)’ என்ற ஓராண்டு எம்.எஸ்சி. படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து முப்பது லட்சம் ஆகும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க அப்பா தயார். போகலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: பத்திரத்தை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு. 30 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 41,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு என்பார்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான் அது. லண்டனில் வேலை கிடைத்தால் இந்தத் தவணை ஒரு பொருட்டல்ல. திருப்பூருக்கே திரும்பி வந்தால் கட்ட முடியுமா? இந்தக் கேள்விக்கு ‘முடியும்’ என்ற பதில் இருந்தால்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

ஏனென்றால் அங்கே தங்கும் காலம் சுருங்குகிறது. முதுகலை முடித்தவர்கள் வேலை தேடித் தங்க இரண்டாண்டு தரும் ‘கிராஜுவேட்’ விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டே மாதம். இந்த ஆண்டு செப்டம்பரிலோ அடுத்த செப்டம்பரிலோ சேர்ந்தால் நீங்கள் அந்தக் கணக்கில்தான் வருவீர்கள். அதன் பிறகும் இருக்க வேண்டுமென்றால் ஒரு நிறுவனம் உங்களை ஸ்பான்சர் செய்ய வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவருக்கே ஆண்டுக்குக் குறைந்தது 33,400 பவுண்ட் சம்பளம் தர வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். இப்போது விற்பனைக்கு வரும் படிப்புகளில் பாதியைப் பார்த்தால், பழைய லாஜிஸ்டிக்ஸ் படிப்பின் அட்டையில் பச்சை இலை ஒட்டியதுபோல இருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. இங்கிலாந்தில் முதுகலைக்கு மொத்தம் 180 கிரெடிட். அதில் ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் 60 போய்விடும். மீதியில் நிலைத்தன்மைக்கு 15 கிரெடிட்டில் ஒரே ஒரு பாடம் இருக்கிறதென்றால் நீங்கள் பெயருக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள். பாடத்திட்டக் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேட்டுத் தலைப்புகளையும் கேளுங்கள். இரண்டையும் தர மறுக்கும் இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

கையேட்டில் எதைத் தேடுவது? உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். சாயப்பட்டறையில் ஒரு லாட் ஷேடு தவறி மறுபடி சாயத்துக்குப் போகிறது என்று வையுங்கள். நான்கு நாள் போய்விடும். தூத்துக்குடியில் ஏற வேண்டிய கன்டெய்னர் தவறிவிடும். பையர் தேதியை நகர்த்த மாட்டார். சரக்கை விமானத்தில் அனுப்புவீர்கள். அந்த ஆர்டரின் லாபம் அங்கேயே கரைந்தது. கடலில் போனால் ஆகும் கரியமில வாயுவைப் போலப் பல மடங்கு ஆகாயத்தில் சேர்ந்தது. தாமதம், கையிருப்பு, போக்குவரத்துச் செலவு, கார்பன் நான்கும் ஒரே கணக்கின் நான்கு வரிகள். நல்ல படிப்பு கையிருப்புப் பாடத்திலேயே, போக்குவரத்துப் பாடத்திலேயே கார்பனையும் சேர்த்துக் கணக்குப் போட வைக்கும். நிலைத்தன்மையைக் கடைசிப் பருவத்தில் தனி விருப்பப் பாடமாகத் தள்ளிவைத்திருக்கும் படிப்பில், ஐ.நா. இலக்குகளின் பதினேழு வண்ணச் சதுரங்களைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

‘ஸ்கோப் 3’ என்ற தலைப்பில் எத்தனை வகுப்புகள் என்றும் பாருங்கள். கார்பன் கணக்கில் ஒரு நிறுவனம் தன் ஆலையில் எரிக்கும் எரிபொருள் முதல் வகை, விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை, மற்றதெல்லாம் மூன்றாம் வகை. அதற்குள்ளேயே பதினைந்து உட்பிரிவுகள். உங்கள் கம்பெனி வாங்கும் நூலும், வெளியே கொடுக்கும் சாய வேலையும் அங்கேதான் வருகின்றன. பட்டறை பாய்லரில் எரியும் விறகு வரை பையர்கள் துருவிக் கேட்பது அதனால்தான். இந்த எண்களை யாரிடமிருந்து எப்படி வாங்குவது, வந்த எண் பொய்யா மெய்யா என்று எப்படிச் சோதிப்பது என்பதே இந்தத் துறையின் நிஜமான வேலை. 2020இல் இந்திய ஆர்கானிக் பருத்தியில் போலி டி.சி. பிடிபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஏறத்தாழ 20,000 டன் பருத்திக்குப் போலி பரிவர்த்தனைச் சான்றிதழ் (டி.சி.) என்று, ஆர்கானிக் துணிக்கான தரத்தை வகுக்கும் காட்ஸ் (GOTS) அமைப்பே அறிவித்தது. அதைப் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

சட்டங்களைக் காட்டி விற்கும் விளம்பரத்தை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். சப்ளையர்களிடம் நடக்கும் மனித உரிமை மீறலையும் சுற்றுச்சூழல் கேட்டையும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டும் என்னும் ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023இல் அமலுக்கு வந்தது உண்மை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய இதே மாதிரிச் சட்டத்தை அமலுக்கு வருவதற்கு முன்பே தள்ளிவைத்துவிட்டார்கள். யாருக்குப் பொருந்தும் என்ற வரம்பையும் சுருக்கிவிட்டார்கள். ஐரோப்பாவுக்குள் வரும் சரக்குக்கான எல்லைக் கார்பன் வரி இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜனுக்குத்தான், பனியனுக்கு இல்லை. சட்டம் ஆட்சிக்கு ஆட்சி மாறும். கையிருப்புக் கணக்கு மாறாது.

மாற்று வழிகள் இருக்கின்றன. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு). முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும், உங்கள் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், படித்து முடிக்க இரண்டாண்டாகும். ஜெர்மன் மொழி தெரியாமல் வேலை கிடைப்பது கடினம் என்பதை முகவர்கள் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டில், நிட்டி என்றிருந்து 2023இல் ஐ.ஐ.எம். மும்பை ஆன நிறுவனத்தில் விநியோகச் சங்கிலிக்கும் நிலைத்தன்மைக்கும் தனித்தனி எம்.பி.ஏ. இருக்கிறது; கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

நானாக இருந்தால் இந்த ஆண்டுக்கான இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க முடியுமா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். அதற்குள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. இணையத்தில் நடத்தும் விநியோகச் சங்கிலி மைக்ரோமாஸ்டர்ஸ் படிப்பின் முதல் பாடத்தை எடுத்துப் பாருங்கள். புள்ளியியலும் நிகழ்தகவும் அதில் உங்களை ஒரு வழி செய்துவிடும். அதைத் தாண்டியும் ஆசை இருந்தால் அப்பாவிடம் பத்திரத்தைக் கேளுங்கள்.

*

கேள்வி: இதே மாதிரி ஒரு படிப்புக்கு என் மகனுக்கு இடம் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி 85,000 ரூபாய் வாங்கியது. விண்ணப்பமே அனுப்பவில்லை என்று பிறகு தெரிந்தது. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: ரசீதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாதது சேவைக் குறைபாடு. கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் நுகர்வோர் சட்டத்துக்குள் இழுப்பது சிரமம்; தீர்ப்புகள் பெரும்பாலும் அவர்கள் பக்கம். கன்சல்டன்சி கல்வி நிறுவனமல்ல, கட்டணத்துக்குச் சேவை விற்கும் கடை. முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஊர் போதும், அவர்கள் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் பரவாயில்லை. ஐந்து லட்சம் வரை செலுத்திய தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டாண்டுக்குள் போட்டாக வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். விண்ணப்பம் வரவில்லை என்று பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கிவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

இன்னொன்று: ‘எங்கள் சேவை இலவசம்’ என்னும் முகவர்களுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. கமிஷன் அதிகம் தரும் இடம்தான் உங்கள் மகனுக்கு ‘மிகப் பொருத்தமான’ இடமாகத் தெரியும்.

*

கேள்வி: முதுகலைக்குப் பதில் சி.எஸ்.சி.பி. என்னும் விநியோகச் சங்கிலித் தொழில்முறைச் சான்றிதழ் மட்டும் போதுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: ஏற்கெனவே தொழிற்சாலையில் கொள்முதலிலோ திட்டமிடலிலோ இருந்தால் போதும். புதிதாகத் துறைக்குள் நுழைய அது மட்டும் போதாது.